எசேக்கியேல் 4: செங்கல், 390 நாள், 20 சேக்கல் அப்பம் – அளவும் கணக்கும்

#1 வாதுமைக்கிளை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெரியவர்கள் வேதபாட வகுப்பில் எசேக்கியேல் 4-ஆம் அதிகாரத்தை இரண்டு வாரம் எடுக்கிறோம். அதில் எசேக்கியேல் தீர்க்கதரிசி ஒரு செங்கல்லில் எருசலேமை வரைந்து முற்றுகையை நடித்துக் காட்டுகிறார்; இஸ்ரவேலுக்காக 390 நாள் இடது பக்கமும் யூதாவுக்காக 40 நாள் வலது பக்கமும் படுத்து, அப்பத்தையும் தண்ணீரையும் அளந்து உட்கொள்கிறார். நான்கு இடங்களில் தெளிவு வேண்டும்.

செங்கல்லில் ஒரு நகரத்தை எப்படி வரைவது? 20 சேக்கல் அப்பமும் ஹின்னில் ஆறில் ஒரு பங்கு தண்ணீரும் இன்றைய அளவில் எவ்வளவு? 390 நாளும் 40 நாளும் சேர்ந்து 430-ஆ, இல்லை 40 நாள் 390-க்குள் அடக்கமா? கடைசியாக ஒன்று: முற்றுகை வரப்போவது எருசலேமுக்கு. அதைப் பாபிலோனில் ஏற்கெனவே சிறைப்பட்டுக் கிடக்கிறவர்களுக்கு ஏன் நடித்துக் காட்ட வேண்டும்?

#2 கேபார்கரை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மற்றவை தானாக இடத்தில் உட்காரும்.

கி.மு. 597 மார்ச் மாதத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். நகரம் விழுந்த நாள் ஆதார் மாதம் 2 என்று பாபிலோனிய நாளாகமப் பலகையிலேயே இருக்கிறது. யோயாக்கீன் ராஜாவும் அதிகாரிகளும் கைவினைஞர்களும் கொண்டுபோகப்பட்டார்கள். ஆசாரியனான பூசியின் மகன் எசேக்கியேலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆனால் நகரமும் ஆலயமும் அப்போது இடிக்கப்படவில்லை, சிதேக்கியா அங்கே ராஜாவாக இருந்தான். ஆகவே பாபிலோனில் சிறைப்பட்டவர்களின் குடியிருப்பான தெலாபீபில் இருந்தவர்கள் மனதில் ஓடியது ஒரே எண்ணம்: ஆலயம் நிற்கிறது, கர்த்தர் அங்கே இருக்கிறார், சீக்கிரம் திரும்பிவிடலாம்.

அந்த எண்ணத்துக்குத் தீனி போட்டவர்கள் இருந்தார்கள். எரேமியா 28-இல் அனனியா, சிதேக்கியாவின் 4-ஆம் ஆண்டு 5-ஆம் மாதத்தில், இரண்டே வருஷத்தில் ஆலயப் பாத்திரங்களும் யோயாக்கீனும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்திலேயே நின்று சொல்கிறான். பாபிலோனிலும் அதே குரல் கேட்டது. எரேமியா 29-இல் அங்கிருந்த இரண்டு கள்ளத் தீர்க்கதரிசிகளின் பெயர்கூட வருகிறது. அதே அதிகாரத்தில்தான் "வீடுகளைக் கட்டி, தோட்டங்களை நாட்டுங்கள்" என்று எரேமியா கடிதம் அனுப்புகிறார்.

எசேக்கியேலுக்கு அழைப்பு வருவது யோயாக்கீன் சிறைப்பட்ட 5-ஆம் ஆண்டு 4-ஆம் மாதம் 5-ஆம் நாள், அதாவது கி.மு. 593. அனனியா "இரண்டு வருஷம்" என்று சொல்லி ஏறத்தாழ ஓராண்டு. அந்தச் சூட்டில்தான் 4-ஆம் அதிகாரம் நடக்கிறது. எருசலேமில் இருப்பவர்களுக்கு அந்தச் செங்கல் தெரியப்போவதே இல்லை. அது தெலாபீபில் மூட்டையைக் கட்டி வைத்துக் காத்திருந்தவர்களுக்காக.

#3 சுவடிக்காரன்

கேபார்கரை ஐயா சொன்னதோடு ஒன்று. எசேக்கியேல் தேதிகளை எல்லாம் யோயாக்கீன் சிறைப்பட்ட ஆண்டிலிருந்தே எண்ணுகிறார். ஆண்டுகொண்டிருந்த சிதேக்கியாவின் ஆண்டுக்கணக்கை எடுக்கவில்லை. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் ஜெர்மானிய அகழ்வாய்வாளர் கோல்டவேயின் குழு தோண்டி எடுத்து, 1939-இல் ஆய்வாளர் வைட்னர் வெளியிட்ட ரேஷன் பலகைகளில் யோயாக்கீன் "யூதாவின் ராஜா" என்றே எழுதப்பட்டிருக்கிறான். அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டரை சிலா (பாபிலோனிய முகத்தலளவு) எண்ணெய் என்ற கணக்கும் அதில் உண்டு. ஒரு பலகை கி.மு. 592-ஐச் சேர்ந்தது. எசேக்கியேல் பக்கம் சாய்ந்து படுத்திருந்த காலத்துக் கணக்குப் பலகை அது.

#4 வாதுமைக்கிளை

நன்றி ஐயா. எங்கள் பாடப்புத்தகத்தில் இந்தப் பின்னணி ஒரு வரிகூட இல்லை. செங்கல் பற்றி?

#5 கேபார்கரை

தமிழில் "செங்கல்" என்றதும் சூளையில் சுட்ட சிவப்புக் கல் கண்முன் வருகிறது. எபிரெயச் சொல் லெவேனா, அச்சில் வார்த்து வெயிலில் காயவைக்கும் களிமண் கல்லையே முதலில் குறிக்கும். நம் ஊரில் பச்சைக்கல் என்பார்களே, சூளைக்குப் போகாதது, அதுதான். 4:1-இல் "வரை" என்று வரும் வினைச்சொல்லுக்குக் கீறு, செதுக்கு என்று பொருள். சுட்ட கல்லில் கீற முயன்றால் விளிம்பு தெறிக்கும். ஈரக்களிமண்ணில் கீறினால் கோடு வழிந்து மூடிக்கொள்ளும். விரல் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் மண் விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் கீறினால் கோடு கூர்மையாக நிற்கும்.

அளவும் முக்கியம். நேபுகாத்நேச்சார் காலத்துப் பாபிலோனியக் கல் சதுரமானது, பக்கத்துக்குச் சுமார் 33 செ.மீ., கனம் 8 செ.மீ. நம் வீட்டுச் செங்கல்லைவிட மூன்று மடங்குக்கு மேல் பரப்பு. ஒரு நகரத்தின் மதில், வாசல்கள், ஆலயம் மூன்றையும் அதில் தாராளமாக வரையலாம்.

களிமண்ணில் நகர வரைபடம் போடுவது அந்த மண்ணில் புதிதல்ல. பாபிலோனியாவின் நிப்பூர் நகரத்தின் வரைபடம் ஒன்று களிமண் பலகையில் கிடைத்திருக்கிறது, இன்று ஜெர்மனியின் யேனா நகரில் இருக்கிறது. எசேக்கியேலுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. மதில், வாசல்கள், யூப்ரடீஸ், நடுவே ஓடும் கால்வாய், எல்லாவற்றின் பக்கத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. எசேக்கியேலுக்கு அழைப்பு வந்த இடமான கேபார் என்பதும் அந்த நிப்பூர் வட்டாரத்துக் கால்வாய்தான்; பிற்காலத்து முராஷு என்ற வணிகக் குடும்பத்தின் பலகைகளில் அதன் பெயர் வருகிறது. ஆகவே பச்சைக்கல்லில் ஒருவர் நகரம் கீறுவதைப் பார்த்த தெலாபீப் ஜனத்துக்கு அது என்னவென்று விளக்கத் தேவையே இல்லை. எந்த நகரம் என்பதுதான் அவர்களைக் கலக்கியிருக்கும்.

முற்றுகைச் சாமான்கள் வரும் ஒழுங்கையும் கவனியுங்கள்: சுற்றிலும் கொத்தளம், மதில்வரை ஏறும் மண்மேடு, பாளயங்கள், மதிலை இடிக்கும் யந்திரங்கள். முதலில் வெளியே போகவிடாமல் அடைப்பார்கள், பிறகுதான் மேடு போடுவார்கள். பசி வேலை செய்வது இந்த இரண்டுக்கும் நடுவில். யூதாவின் லாகீஸ் நகரத்தில் அசீரியர் கி.மு. 701-இல் போட்ட மண்மேட்டை இன்றும் பார்க்கலாம். வகுப்பில் களிமண்ணில் செய்வதானால் மேட்டை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், கொத்தளத்தை முழுவட்டமாகச் சுற்றுங்கள்.

#6 ஆரோன்வழி

செங்கல்லுக்கு அடுத்து வரும் இருப்புச்சட்டியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். மஹவத் என்ற அந்தச் சொல் லேவியராகமம் 2:5-இல் போஜனபலி சுடும் தட்டையான சட்டிக்கு வருவது. குழிந்த பாத்திரம் இல்லை. நம் தோசைக்கல்லை நிறுத்தி வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். பலிபீடத்துக்கு அப்பம் சுட வேண்டிய ஆசாரியனுடைய பாத்திரம், இப்போது தீர்க்கதரிசியின் முகத்துக்கும் நகரத்துக்கும் நடுவே இருப்புச்சுவராக நிற்கிறது. முற்றுகையிடுகிறவனுடைய இடத்தில் எசேக்கியேல் இருக்கிறார், அதாவது கர்த்தருடைய இடத்தில். ஜெபம் அந்தச் சுவரைத் தாண்டாது என்பது ஜனங்களுக்குப் புரிந்திருக்கும்.

இடது வலது பற்றியும் ஒரு வார்த்தை. எபிரெயர் திசை பார்ப்பது கிழக்கு முகமாக. அப்போது இடதுகை வடக்கு, வலதுகை தெற்கு. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. இடது பக்கம் முதலில் வருவதும் சரியான வரிசை, சமாரியா கி.மு. 722 வாக்கிலேயே விழுந்துவிட்டது.

#7 படியளப்பவர்

அப்பத்துக்கு வருகிறேன்.

யூதாவில் கிடைத்த எடைக்கற்களை நிறுத்துப் பார்த்ததில் ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். 20 சேக்கல் என்றால் ஏறத்தாழ 227 கிராம். பாபிலோனியச் சேக்கல் சிறியது, சுமார் 8.4 கிராம், அந்தக் கணக்கில் 168 கிராம்தான். எருசலேமின் பஞ்சத்தைக் காட்டுவதால் யூதாவின் எடையையே நான் எடுப்பேன். ஒரு பாத் சுமார் 22 லிட்டர், ஹின் அதில் ஆறில் ஒன்று, அதில் மறுபடி ஆறில் ஒன்று: 600 மி.லி. சொச்சம்.

390 நாளுக்குப் பெருக்கினால் அப்பம் 88 கிலோ, தண்ணீர் 240 லிட்டர் அளவு. ஒரு மனிதன் பதின்மூன்று மாதம் இதை வைத்து ஓட்ட வேண்டும். 227 கிராம் சுட்ட அப்பத்தில் மாவு 150 கிராம்தான் இருக்கும், மீதி தண்ணீர். ஒரு நாளைக்கு 500 முதல் 550 கலோரி. சும்மா படுத்திருக்கும் ஆணுக்கே 1,500 கலோரி வேண்டும். தண்ணீர் நிலைமை அதைவிட மோசம்; மெசொப்பொத்தாமியக் கோடையில் 600 மி.லி. போதவே போதாது.

வகுப்பில் சுட்டுக் காட்டுவதானால் இப்படிச் செய்யுங்கள். வசனத்தில் (4:9) வரும் கோதுமை, வாற்கோதுமை, பெரும்பயறு, சிறுபயறு, தினை, கம்பு என்ற ஆறு தானியங்களின் விகிதம் சொல்லப்படவில்லை. ஆனால் 4:12 அதை வாற்கோதுமை அடை என்கிறது, அதனால் வாற்கோதுமை பாதி இருக்கட்டும். 150 கிராம் மாவில் வாற்கோதுமை 75, மற்ற ஐந்தும் தலைக்கு 15. தண்ணீர் 100 மி.லி. பிசைந்ததும் 250 கிராம் நிற்கும், சுட்டபின் பத்தில் ஒரு பங்கு ஆவியாகி 225-க்கு வரும். உப்பு வேண்டாம், வசனத்தில் இல்லை.

எங்கே கெடும்? பயறுகளை முழுசாகப் போட்டால் தானியம் வெந்தபின்னும் அவை கல்லாகவே கிடக்கும். மாவாக அரையுங்கள், அல்லது வேகவைத்து மசித்துச் சேர்த்து அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். பயற்றிலும் தினையிலும் பசைத்தன்மை தரும் புரதம் கிடையாது, வாற்கோதுமையில் குறைவு. 15 கிராம் கோதுமை இத்தனையையும் பிடித்து வைக்காது. பெரிய ரொட்டியாகத் தட்டினால் ஓரம் வெடித்து நடு பச்சையாக நிற்கும். ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் தட்டி, காய்ந்த இரும்புக் கல்லில் மூடிபோட்டுச் சுடுங்கள். சூட்டோடு விண்டால் உதிரும், ஆறவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "பெரும்பயறு" என்று நம் வேதத்தில் வருவது எபிரெயத்தில் போல், ஃபாவா பீன்ஸ். ஜி6பிடி என்ற நொதியில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பொதுவில் சாப்பிடக் கொடுப்பதானால் அதை நீக்கி மொச்சையோ தட்டைப்பயறோ போடுங்கள்.

#8 வாதுமைக்கிளை

தினை, கம்பு என்று தமிழில் இருக்கிறதே, அதை அப்படியே வாங்கலாமா ஐயா?

#9 படியளப்பவர்

தினை சரிதான், கிட்டத்தட்ட. எபிரெயத்தில் தோஹன், வேதம் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. பனிவரகு என்றே பலரும் எடுக்கிறார்கள்.

கம்பு சரியல்ல. குஸ்ஸெமெத் என்பது உமி பிரியாமல் ஒட்டியிருக்கும் பழைய கோதுமை இனம், எம்மர். யாத்திராகமம் 9:32-இல் கல்மழைக்குத் தப்பியதும் இதுவே, அங்கேயும் தமிழில் "கம்பும்" என்று வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் வாசகருக்குத் தெரிந்த தானியத்தை வைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மிடம் அந்த இனத்தைச் சேர்ந்தது சம்பா கோதுமை. சம்பா கோதுமை ரவை எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும், அதையே அரைத்துக்கொள்ளுங்கள்.

#10 கம்பங்கூழ்

இதே ஆறு தானியத்தையும் முளைகட்டிச் சுட்டு, இந்த வசனத்தின் பெயரிலேயே வெளிநாட்டில் ரொட்டி விற்கிறார்கள். தேவன் கொடுத்த முழுச்சத்துணவு என்று எங்கள் குழுவில் அடிக்கடி செய்தி வருகிறது. தானியத்தையும் பயற்றையும் சேர்ப்பது நல்லதுதானே?

#11 படியளப்பவர்

சேர்ப்பது நல்லதுதான் சகோதரரே. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறு அதை ஈடுகட்டும். நம் இட்லியும் பொங்கலும் அந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. ஆனால் அந்த வசனம் அதைச் சொல்லவில்லை.

முளைகட்டுவது வசனத்தில் கிடையாது. அந்த ரொட்டியில் போடும் சோயா மேற்காசியாவில் அன்றைக்குக் கிடையாது. உப்பி வருவதற்குக் கோதுமைப் பசையைத் தனியாக வேறு சேர்க்கிறார்கள். "ஒரு பாத்திரத்திலே போட்டு" என்ற சொல்லைப் பாருங்கள். ஒவ்வொரு தானியத்துக்கும் தனித்தனி ஜாடி இருந்த வீட்டில், எல்லா ஜாடியின் அடியையும் வழித்து ஒன்றாகக் கொட்டினால்தான் ஒரு அடைக்குக் காணும். முற்றுகை அங்கே கொண்டுவிடும். யூத ரபிமாரின் நூலான பாபிலோனியத் தால்மூத்தின் எருபின் பகுதியில், இப்படி ஓர் அப்பத்தைச் செய்து நாய்க்குப் போட்டார்கள், நாய்கூடத் தின்னவில்லை என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

#12 ஆரோன்வழி

கம்பங்கூழ் சகோதரருக்கு: 4:16-ஐயும் லேவியராகமம் 26:26-ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். "அப்பம் என்னும் ஆதரவுகோல்" முறிவது இரண்டிலும் வருகிறது. லேவியராகமத்தில் பத்து ஸ்திரீகள் ஒரே அடுப்பில் அப்பம் சுட்டு நிறையின்படி திரும்பக் கொடுப்பார்கள். பத்து வீட்டு மாவு ஒரு அடுப்புக்குத்தான் காணும்.

"நிறையின்படி" என்பதில்தான் கூர்மை இருக்கிறது. தானியத்தைப் படியால் அளப்பதே வழக்கம், தராசில் ஏறுவது வெள்ளி. அப்பம் தராசில் ஏறினால் அது வெள்ளி விலைக்குப் போய்விட்டது என்று பொருள். எரேமியா 37:21-இல் முற்றுகைக்குள்ளே எரேமியாவுக்கு ரொட்டிக்காரர் தெருவிலிருந்து நாளுக்கு ஒரு அப்பம் வருகிறது, நகரத்தில் அப்பம் தீரும்வரை. எசேக்கியேல் இங்கே நடித்ததை, சில வருஷம் கழித்து எரேமியா அங்கே சாப்பிட்டார்.

அப்பம் தீட்டாவது ஆறு தானியக் கலப்பால் என்று சிலர் சொல்வது தவறு. கலந்து விதைப்பதைத்தான் நியாயப்பிரமாணம் தடுக்கிறது, கலந்து தின்பதை அல்ல. தீட்டு எரிபொருளில் இருக்கிறது. மனுஷக் கழிவால் சுடு என்றதும், இளவயது முதல் தீட்டான எதையும் தின்றதில்லை என்று ஆசாரியன் மன்றாடுகிறார், மாட்டுச்சாணி வறட்டிக்கு அனுமதி வருகிறது. வறட்டி அந்நாட்டிலும் அன்றாட எரிபொருள். விறகும் வறட்டியும் தீர்ந்தபின் என்ன எரிப்பார்கள் என்பதைத்தான் முதல் கட்டளை காட்டியது.

#13 சுவடிக்காரன்

இனி 390-உம் 40-உம்.

முதலில் பாடபேதம். நம் வேதம் பின்பற்றும் எபிரெய மூலத்தில் 390. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் 190. அதாவது இஸ்ரவேலுக்கு 150, யூதாவுக்கு 40, கூட்டுத்தொகை 190. கிரேக்கத்தில் 40 உள்ளடக்கம் என்பது தெளிவு. சவக்கடல் சமூகத்தின் தமஸ்கு ஆவணம் 390 ஆண்டு என்று எடுத்தாள்வதால், எபிரெய எண்ணும் பழமையானதே.

அடுத்து, எதை எண்ணுகிறது? 4:5 தெளிவாகச் சொல்கிறது: அக்கிரமத்தின் வருஷங்கள், வருஷத்துக்கு ஒரு நாள். பென்சிலை எடுத்து ராஜாக்கள் புத்தகத்தில் யூதாவின் ஆட்சியாண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். ரெகொபெயாம் 17, அபியாம் 3, ஆசா 41, யோசபாத் 25, யோராம் 8, அகசியா 1, அத்தாலியாள் 6, யோவாஸ் 40, அமத்சியா 29, அசரியா 52, யோதாம் 16, ஆகாஸ் 16, எசேக்கியா 29, மனாசே 55, ஆமோன் 2, யோசியா 31, யோயாக்கீம் 11, சிதேக்கியா 11. மும்மாத ராஜாக்கள் இருவரை விட்டுவிட்டால் 393. சாலொமோன் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டது தன் 4-ஆம் ஆண்டில், அந்த ஆண்டையும் சேர்த்து அவனுக்கு மிச்சம் 37 ஆண்டு. 393-உம் 37-உம் 430. ஆலயம் எழும்பிய நாள்முதல் எரிந்த நாள்வரை. தகப்பனும் மகனும் சேர்ந்து ஆண்ட ஆண்டுகள் இரட்டிப்பாக எண்ணப்படுவதால் நாம் போடும் கி.மு. கணக்கில் இது சுமார் 380 ஆண்டுதான் வரும். ஆனால் ஆட்சியாண்டுகளை அப்படியே கூட்டுகிறவருக்கு 430 விழும். எகிப்தில் குடியிருந்த 430 ஆண்டையும் (யாத் 12:40) கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது, நாட்காட்டியில் இது இடம் கொள்ளுமா? அழைப்பு 5-ஆம் ஆண்டு 4-ஆம் மாதம் 5. ஏழு நாள் மௌனமாய் உட்கார்ந்திருக்கிறார், ஆக 12-ஆம் தேதி. 8:1-இல் 6-ஆம் ஆண்டு 6-ஆம் மாதம் 5-இல் மூப்பர்களோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இடையே சந்திரமாதம் 14-க்கு ஏழு நாள் குறைவு, அதாவது 406 நாள். 390 இதில் அடங்கும், 430 அடங்காது. அந்த இடைவெளியில் கூடுதல் மாதம் ஒன்று செருகப்பட்டிருந்தால் 436 வரும், அப்போது 430-உம் அடங்கும்.

40 நாள் 390-க்குள் அடக்கம் என்பதே என் முடிவு. 4:9-இல் அப்பத்துக்கு 390 நாள் மட்டுமே சொல்லியிருக்கிறது. 430 நாள் படுத்திருந்தால் கடைசி 40 நாளுக்குச் சாப்பாடு எங்கே?

#14 ஆரோன்வழி

இதில் உங்களோடு நான் மாறுபடுகிறேன் ஐயா. 4:6 "நீ இவைகளை நிறைவேற்றினபின்பு, மறுபடியும்" என்று தொடங்குகிறது. இடது பக்கம் முடித்தபிறகுதான் வலது. எபிரெய வாசகத்தை எடுத்தால் 430, கிரேக்கத்தை எடுத்தால் 190. எபிரெய எண்ணை எடுத்துக்கொண்டு கிரேக்கத்தின் அடக்கத்தையும் சேர்ப்பது இரண்டு கணக்கைக் கலப்பதாகும். அப்பத்தின் 390 நாள் இஸ்ரவேலின் முற்றுகைப் பங்குக்கு மட்டும் என்று வாசிக்கலாம்.

#15 சுவடிக்காரன்

"நிறைவேற்றினபின்பு" என்ற வார்த்தை உங்கள் பக்கம் பலமானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கூடுதல் மாதம் கட்டாயம் வேண்டும். வாதுமைக்கிளை, வகுப்பில் இரண்டையும் வையுங்கள்.

#16 காவற்கோபுரம்

430-இல் பாபிலோன் சிறையிருப்பின் 70-ஐக் கழித்தால் 360. லேவியராகமம் 26-இன்படி ஏழத்தனையாகப் பெருக்கினால் 2520. அதை 360 நாள் ஆண்டாக எடுத்தால் 1948-இல் இஸ்ரவேல் தேசம் உருவானதில் வந்து நிற்கிறதே. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#17 சுவடிக்காரன்

சகோதரரே, ஒவ்வொரு படியையும் வசனத்தில் தேடிப் பாருங்கள். 70-ஐக் கழி என்று எசேக்கியேல் சொல்லவில்லை. 70 என்பது எரேமியாவின் எண். ஏழால் பெருக்கு என்பதும் 4-ஆம் அதிகாரத்தில் இல்லை. லேவியராகமத்தில் வரும் ஏழத்தனை தண்டனையின் கடுமைக்கு, ஆண்டுக்கு அல்ல. 360 நாள் ஆண்டு என்பதோ யூதரும் பாபிலோனியரும் பயன்படுத்திய நாட்காட்டியே அல்ல. அவர்களுடையது 354 நாள் சந்திர ஆண்டு, இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை 13-ஆவது மாதம். கி.மு. 536-இலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கணக்கு 1948-இல் விழும், யூதரைத் திரும்பிப் போகவிட்ட பெர்சிய ராஜா கோரேசின் கட்டளையோ கி.மு. 538.

எல்லாவற்றுக்கும் மேலாக, 4:5-6 அந்த வருஷங்களை நடந்து முடிந்த அக்கிரமத்தின் வருஷங்கள் என்கிறது. பின்னால் பார்க்கும் எண்ணை முன்னால் திருப்பினால் தெலாபீபில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் எதுவுமே மிஞ்சாது. அவனுக்குத்தான் செய்தி வந்தது.

#18 காவற்கோபுரம்

சரி ஐயா, தொடக்க ஆண்டை நான் சரிபார்க்கவில்லை. முற்றுகை எத்தனை நாள் நீடித்தது, அது 390-க்குப் பொருந்துமா?

#19 கேபார்கரை

பொருந்தாது. முற்றுகை தொடங்கியது சிதேக்கியாவின் 9-ஆம் ஆண்டு 10-ஆம் மாதம் 10, மதில் பிளந்தது 11-ஆம் ஆண்டு 4-ஆம் மாதம் 9. ஒன்றரை வருஷம், 530 நாளுக்குமேல். நடுவில் பார்வோனின் சேனை வந்ததால் கல்தேயர் (பாபிலோன் சேனை) கொஞ்சகாலம் விலகினார்கள் (எரே 37:5). எண்ணை முற்றுகை நாளாக எடுக்கவே வேண்டாம்.

#20 வெள்ளைச்சீருடை

செவிலியர் பார்வையில் ஒரு குறிப்பு. படுக்கையிலேயே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்போம். இல்லாவிட்டால் இடுப்பெலும்பு மேட்டிலும் தோள்பட்டையிலும் சதை அழுகத் தொடங்கும். 390 நாள் இரவும்பகலும் ஒரே பக்கம், அதுவும் 500 கலோரியில், உடம்பு தாங்காது.

அதிகாரத்துக்குள்ளேயே விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. கயிற்றால் கட்டப்பட்டவர்தான் அப்பம் சுடுகிறார், தண்ணீரை அளக்கிறார், புயத்தைத் திறந்து நகரத்துக்கு நேரே நீட்டுகிறார். 4:12 "அவர்கள் கண்களுக்கு முன்பாக" என்கிறது. ஜனங்கள் கூடும் வேளையில் நாள்தோறும் படுத்துக் காட்டியது என்று எடுத்தால் எல்லாம் பொருந்தும்.

#21 ஆரோன்வழி

பக்கம் மாற்றாதபடி கர்த்தரே கயிறுகளைப் போடுகிறார் (4:8), ஆகவே அவர் தாங்கினார் என்று எடுப்பவர்களும் உண்டு சிஸ்டர். ஆனால் நீங்கள் சொன்ன சமையல் ஆதாரம் வலுவானது. எந்த வகையில் எடுத்தாலும், தினமும் அந்த வழியாகப் போகிறவன் பார்த்தது: இன்றும் அதே மனிதன், அதே பக்கம், நேற்றைவிட மெலிந்து.

#22 வாதுமைக்கிளை

இரண்டாம் வாரத்துக்கு ஒரு கேள்வி மிச்சம். நகரம் விழுந்தபின் எசேக்கியேலின் செய்தி மாறுகிறது என்கிறார்கள். 4-ஆம் அதிகாரத்தோடு அதை எப்படி இணைப்பது?

#23 கேபார்கரை

திருப்பம் 33:21. தப்பிவந்த ஒருவன் 12-ஆம் ஆண்டு 10-ஆம் மாதம் 5-இல் வந்து "நகரம் அழிக்கப்பட்டது" என்கிறான். ஆலயம் எரிந்தது 5-ஆம் மாதம். எஸ்றா 7:9-இல் எதிர்த்திசைப் பயணம் நான்கு மாதம் எடுக்கிறது, ஆக ஐந்து மாதம் நியாயமான கணக்கு. அவன் வருவதற்கு முந்தின சாயங்காலத்தில் கர்த்தருடைய கை எசேக்கியேல்மேல் அமர்ந்து, அவன் வருமுன்னமே அவர் வாய் திறக்கிறது (33:22). அதற்கு முன்பு "நாட்கள் நீடிக்கும், தரிசனம் எல்லாம் அவமாகும்" (12:22) என்று பழமொழி பேசியவர்கள், இப்போது "எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" (37:11) என்கிறார்கள். நம்பிக்கை அளவுக்குமேல் இருந்தபோது அதை உடைத்தார், ஒன்றுமே இல்லாதபோது அதைக் கொடுத்தார்.

#24 ஆரோன்வழி

4-ஆம் அதிகாரத்தின் ஒவ்வொரு பொருளும் பின்னால் அவிழ்க்கப்படுகிறது. இரண்டாம் வகுப்பை இந்த வழியில் கொண்டுபோகலாம்.

இடமும் வலமுமாகப் பிரிந்து கிடந்த இஸ்ரவேலும் யூதாவும் 37:16-இல் இரண்டு கோல்களாகி, அவர் கையில் ஒரே கோலாகின்றன. நிறுத்துத் தின்ற அப்பத்துக்கு எதிரே 36:29: தானியத்தை வரவழைத்துப் பெருகப்பண்ணுவேன், பஞ்சத்தை அனுப்பமாட்டேன். முகத்தை மறைத்த இருப்புச்சட்டிக்கு எதிரே 39:29: இனி என் முகத்தை அவர்களுக்கு மறைக்கமாட்டேன். கல்லில் கீறின நகரத்துக்கு எதிரே, சிறைப்பட்ட 25-ஆம் ஆண்டில் (கி.மு. 573) அளவுகோலும் கையுமாக ஒருவர் நடந்து அளக்கும் ஆலயம். 43:2-இல் மகிமை கிழக்கே இருந்து வருகிறது. 11:23-இல் அது விலகி நின்றதும் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைமேல்தான்.

இத்தனையும் "உங்கள் நிமித்தமாக அல்ல" (36:22) என்ற வார்த்தையோடு வருகிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

#25 வாதுமைக்கிளை

பச்சைக்கல்லும் தராசும் ஏற்பாடு செய்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

#26 படியளப்பவர்

தராசு இருக்கிறதென்றால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 45:10-12-ஐ இரண்டாம் வாரத்தில் அதே தராசை வைத்துக்கொண்டு வாசியுங்கள். சுமுத்திரையான தராசும், சரியான மரக்காலும், சரியான அளவுகுடமும் இருக்கக்கடவது என்கிறார். அங்கே எப்பாவும் பாத்தும் ஒரே அளவு, கலத்தில் பத்தில் ஒரு பங்கு. சேக்கல் 20 கேரா. 20, 25, 15 சேக்கல்கள் சேர்ந்து 60-ஆக ஒரு இராத்தல். முதல் வாரம் 20 சேக்கல் அப்பத்தை நிறுத்தவருக்கு எடைக்கல்லின் அளவை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். 11.3 கிராமை 20-ஆல் வகுத்தால் ஒரு கேரா அரை கிராமுக்குச் சற்று மேல் வரும். வீட்டுத் தராசு அதைக் காட்டாது, நகைக்கடைத் தராசு கிடைத்தால் பாருங்கள்.